சிவப்பு வயர் கட்டிய பாலம்

ஞானதாஸ் அண்ணன் போய்விட்டார் என்று பளுகலிலிருந்து மெக்கானிக் சுகுமாரன் போனில் சொன்னபோது, என் கடை வாசலில் பார்சல் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் இறக்கி வைத்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை அண்ணன் சொல்லி வைத்திருந்த போல்ட்டுகள். ஒரு கையில் போனும் மறு கையில் பெட்டியுமாக அப்படியே நின்றேன்.

"எப்படியாக்கும்?" என்று கேட்டேன்.

"காலத்த சாயா குடிச்சிட்டு கசேரையில சாஞ்சிருக்காரு. பின்ன எழும்பல்ல. அவ்வளவுதான் கேட்டியா."  பிறகு சுகுமாரன், சாவுச் செய்தி சொல்கிறவர்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "அவருக்க போல்ட்டு வந்தா?"

வந்துவிட்டது என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் உடனே புரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரளத்தில் குன்னத்துகால் பக்கம் எங்கள் ஜங்ஷனில் என் ஹார்டுவேர் கடைக்கு நேர் எதிரே இருக்கிற தகரக் கூரை வொர்க்ஷாப் அவருடையது. பம்பு செட், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், மிக்ஸி, ஆட்டோ, கோழிக்கூட்டுக் கதவு, எது வந்தாலும் கை வைப்பார். நான் ஆணி, போல்ட், நட்டு எல்லாம் விற்கிறவள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அவரைவிடப் பெரிய வாடிக்கையாளர் இருக்கக் கூடாது. ஆனால் அந்த மனிதர் அத்தனை வருஷத்தில் என் கடையில் ஒரு புது போல்ட் வாங்கியதில்லை. வாங்க வருகிறவர்களையும் வழியில் மறித்து, "எதுக்குப் புதுசு? இஞ்ச கொண்டா," என்று கூப்பிட்டுக்கொள்வார். என் வாசலில் நின்றுகொண்டே என் வியாபாரத்தைக் கெடுத்த ஒரே ஆள் அவர்தான். அவரைத் திட்டாமல் நான் கடை திறந்த நாள் குறைவு.

என் கடையில் ஒரு பழைய பெயின்ட் வாளி உண்டு. ஜோடி தவறிய சாமான்களை அதில் போடுவோம். போல்ட் இருக்கும், நட்டு இருக்காது. நட்டு இருக்கும், அதற்கு ஏற்ற போல்ட் உலகத்திலேயே இருக்காது. அண்ணன் அதற்கு அநாதை வாளி என்று பெயர் வைத்திருந்தார். மதியம் சோறு உண்டுவிட்டு வந்து, ஒரு முக்காலியைப் போட்டு, வாளிக்குள் கையை விட்டுத் துழாவுவார். "என்ன அண்ணா தேடுதீங்க?" என்று கேட்டால், "பொருத்தம் பாக்கேன் பிள்ளே," என்பார். "அண்ணா, அது துரு பிடிச்சுக் கெடக்கு. புதுசு ஒண்ணு எடுத்துக்கிட்டு போங்க. உங்க கிட்ட நான் லாபம் பாக்கமாட்டேன்," என்று ஒருநாள் கெஞ்சியே சொன்னேன். அவர் அந்தத் துருப்பிடித்த போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புது போல்ட்டுக்கு அனுபவம் கெடையாது. இவன் எத்தன வண்டியில கெடந்து அடி வாங்கினவன் ஆக்கும்."

அளவுகோல் என்ற ஒன்றை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. விரல்தான் அளவு. சுண்டுவிரலில் நட்டு ஏறினால் அரை இஞ்சு, பெருவிரலில் ஏறினால் முக்கால். நீளம் கேட்டால் என் மேஜையில் கையைப் பதித்து, விரல்களின் அகலத்தைக் காட்டுவார். இந்த அளவெல்லாம் எனக்கும் மனப்பாடம். அவருடைய வொர்க்ஷாப்பிலிருந்து யாராவது வந்து, "அண்ணனுக்க நடுவிரல் அளவுல ஒரு டிரில் பிட்டு உண்டா, இரவல் தருவீங்களா," என்று கேட்டால் நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பேன். இரவல் என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் ஒருநாளும் அவர்களுக்குத் தவறு வந்ததில்லை.

இந்த விரல் அளவு ஒருதடவை அவரைப் பழி வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில், வெள்ளைச் சட்டையும் வேஷ்டியுமாக என் கடைக்குள் நுழைந்து, சும்மா இருக்க முடியாமல் வாளியிலிருந்து ஒரு நட்டை எடுத்து மோதிரவிரலில் மாட்டிவிட்டார். நட்டு ஏறியது, இறங்கவில்லை. சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் விட்டோம், நூல் சுற்றிப் பார்த்தோம். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததுதான் மிச்சம். சர்ச் மணி அடித்தது. "இருக்கட்டு, வந்து பாப்போம்," என்று அப்படியே போய்விட்டார். ஆராதனை முழுக்க அந்தக் கையை வேஷ்டி மடிப்புக்குள் வைத்திருந்தவர், காணிக்கைப் பை வந்தபோது மறந்துபோய் அந்தக் கையையே நீட்டியிருக்கிறார். சபை முழுக்கப் பார்த்துவிட்டது. அவருடைய மனைவி றோசம்மாள் அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாளாம்: "நான் போட்டு விட்ட மோதிரத்த வெல்டிங்குல சூடாவுன்னு களற்றி வச்சவரு. இப்ப நட்டு போட்டிட்டு நடக்கியாரு." பாஸ்டரே காணிக்கை ஜெபத்தை எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதாயிற்று. கடைசியில் பளுகலிலிருந்து சுகுமாரன் வந்து, பொடி அரத்தால் அராவி நட்டைப் பிளந்து எடுத்தார். பிளந்த நட்டின் இரண்டு துண்டுகளையும் அண்ணன் பத்திரமாக அநாதை வாளியில் போட்டார். "வல்லதுக்கும் ஆவும்," என்றார். எதற்காவது பயன்படும் என்பது அவர் நம்பிக்கை.

சுகுமாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவருக்கும் ஒரு வொர்க்ஷாப் உண்டு. தொழிலில் இருவருக்கும் போட்டி, கருவிகளில் கொடுக்கல் வாங்கல். இவருடைய பைப் ரெஞ்சு அங்கே இருக்கும், அவருடைய கட்டிங் பிளேயர் இங்கே இருக்கும். திரும்பி வராத சாமான்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன அண்ணன், ஒருநாள் தன் ஸ்பேனர்கள் எல்லாவற்றிலும் எழுத்துப் பதிக்கும் பஞ்ச் ஆணி கொண்டு 'களவுமுதல்' என்று அடித்து வைத்தார். எவன் கையில் இருந்தாலும் ஊர் வாசித்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். இரவல் கொண்டுபோன சுகுமாரன், அதைக் கையில் வைத்துக்கொண்டு களியக்காவிளையில் ஒரு போலீஸ் ஜீப்புக்கு டயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். போலீஸ்காரர் ஸ்பேனரை வாசித்துவிட்டு, இவரை மேலும் கீழும் வாசித்து, எங்கே திருடியது என்று கேட்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் சுகுமாரன், "இனி இத தரவே மாட்டேன்," என்று சொல்லி அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இனி சிவப்பு வயர். இதுதான் அண்ணனின் சட்டம். தற்காலிகமாக ஒரு வேலை செய்தால், அதில் ஒரு துண்டு சிவப்பு வயரை முடிந்து விடுவார். "சிவப்பு கெட்டினா வேல தீரல்லன்னு அர்த்தம். ஒருநாளு வந்து நேரே ஆக்கித் தருவேன்." அவர் சொன்னால் சொன்னதுதான், ஆனால் அந்த ஒருநாள் வரவே வராது. ஏனென்றால் அவர் ஒப்பேற்றி வைத்த சாமான் கெடாது. கெடாத சாமானை யார் நேரே ஆக்கக் கொண்டுவருவார்கள்? இப்படியாக எங்கள் ஊர் முழுக்கச் சிவப்பு வயர். சாயாக்கடையில் பால் காய்ச்சும் பாத்திரத்தின் குழாய்க்குச் சைக்கிள் பெடல்தான் திருகு, அதில் சிவப்பு வயர். மில்லில் மாவு கொட்டும் வாயில் ஸ்கூட்டர் மட்கார்டு, அதிலும் சிவப்பு வயர். இரும்புக்கடை வைத்திருக்கிற என்னுடைய ஷட்டரைப் பூட்டும் கொளுத்தே ஒரு பழைய குடைக்கம்பி. என் மானம் போகிற விஷயம் அது. "அண்ணா, புதுக் கொளுத்து எனக்க கடையில நெறய கெடக்கு. அத மாட்டித் தாங்க," என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இப்ப பூட்டுதா?" என்பார். "பூட்டுது." "தொறக்குதா?" "தொறக்குது." "பின்ன உனக்கு என்ன பிள்ளே கேடு?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போக மாட்டார். ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஊரிலுள்ள சிவப்பு வயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த் தட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வார்டு சுற்றுவதுபோல் இருக்கும். தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். "சுகமாட்டு இருக்கான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எல்லா வீட்டிலும் சாயா கொடுப்பார்கள். எல்லாவற்றையும் குடிப்பார்.

சிவப்பு வயர் கையில் இல்லாமல் அவர் தவித்த ஒரே நாள் என் தம்பியின் கல்யாண நாள். காட்டாக்கடை மண்டபத்துக்கு மாப்பிள்ளைக் கார் போகும் வழியில் சைலன்சர் கழன்று ரோட்டில் இழுபட்டது. சத்தம் கேட்டு ஊர் திரும்பிப் பார்க்கிறது, முகூர்த்த நேரம் நெருங்குகிறது, என் அம்மாவுக்கு மயக்கம் வருகிறது. பின்னால் ஜீப்பில் வந்த அண்ணன் குதித்து இறங்கினார். என் மாமாவின் இடுப்பு பெல்ட்டைக் கேட்டார். "வேட்டி அவுந்து போவும் ஓய்," என்று மாமா அலறினார். "மாப்பிள நேரத்துக்குப் போவணுமா, உமக்க வேட்டி நிக்கணுமா?" பெல்ட்டை உருவி, காரின் பூ அலங்காரத்திலிருந்து கம்பியைப் பிய்த்து, சைலன்சரைக் கட்டித் தூக்கினார். ஆனால் சிவப்பு வயர் இல்லாமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தேடித் தேடி, கடைசியில் அலங்காரத்திலிருந்த சிவப்பு ரிப்பனை உருவிச் சைலன்சரில் முடிந்தார். மண்டபத்தில் எல்லாரும் புது மாதிரி அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாண ஆல்பத்தில் மணமக்கள் கார் அருகே நிற்கும் ஒவ்வொரு படத்திலும், பின்னால் குனிந்து ரிப்பனைப் பார்க்கிற அண்ணனின் முதுகு உண்டு. மாமா ஒரு படத்தில்கூட இரண்டு கையையும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

அண்ணன் கட்டிய சிவப்பு வயர்களிலேயே பெரியது பாலத்தில் இருந்தது. அவருடைய வீடு சானலுக்கு, அதாவது பாசனக் கால்வாய்க்கு அந்தக் கரையில். ரோடும் சர்ச்சும் இந்தக் கரையில். நடுவே ஒரு சின்ன இரும்பு நடைபாலம். அதன் ஒரு முனையில் பலகையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி அறுந்துபோனபோது, அண்ணன் ஒரு லாரியின் யூ கிளாம்பைக் கொண்டுவந்து மாட்டி இறுக்கி, சிவப்பு வயர் கட்டிவிட்டார். பாலம் நின்றது. ஆனால் கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. யார் கால் வைத்தாலும் கிறீச் என்று கத்தும். அண்ணன் மட்டும் போகும்போதும் வரும்போதும் அந்தக் கிளாம்பைக் குதிகாலால் ஒரு உதை உதைப்பார். டங் என்று கேட்கும். வரும்போது அந்த டங் கேட்டதும் வீட்டுக்குள் றோசம்மாள் அக்கா அடுப்பில் சாயாவுக்கு வெள்ளம் வைப்பாள்; தண்ணீர் கொதிக்கும்போது அவர் வாசலில் நிற்பார். வருஷக்கணக்காக அவர்களுக்குள் இருந்த போன் அதுதான்.

போன மாதம் ஒருநாள் அவர் என் கடைக்கு வந்தார். வாளிப் பக்கம் போகவில்லை. நேரே மேஜைக்கு வந்து நின்றார்.

"பிள்ளே, போல்ட்டு நாலு வேணும். புதுசு. நல்ல ஒறப்புள்ளது."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியவில்லை. "ஆருக்கு?" என்றேன்.

"பாலத்துக்கு. றோசம்மைக்கு முட்டு ஆப்பரேஷன் களிஞ்சில்லியா. இனி வாக்கர் வச்சுதான் நடக்கணும். அந்தப் பலக ஆடுது, எடவெளியில வாக்கருக்க காலு சிக்கும். அவ சர்ச்சுக்குப் போவாண்டாமா?"

"புது போல்ட்டுக்கு அனுபவம் கெடையாதே அண்ணா," என்று நான் விடாமல் கிண்டலடித்தேன்.

"இது அவ நடக்கிய பாலம். வெளயாடாத," என்றார். அவர் அப்படிக் கடுப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. சுண்டுவிரலை நீட்டிக் கனத்தைக் காட்டினார். நீளத்துக்கு மேஜையில் கையைப் பதித்து வைத்தார். நான் டேப்பை வைத்து அளந்துகொண்டேன். அந்த உறுதியான ரகம் என் கடையில் இல்லை. சொல்லி வரவழைக்க வேண்டும். அதுதான் சுகுமாரன் போன் செய்த அந்த நேரத்தில் வாசலில் வந்து இறங்கியது.

மூன்று மணிக்கு அடக்கம் என்றார்கள். சவப்பெட்டி அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும், வேறு வழி இல்லை. சுற்றியுள்ள ஊர்களெல்லாம் வரப்போகின்றன. அத்தனை ஆள் பாரத்தை அந்தப் பழைய கிளாம்பு தாங்குமா என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை எனக்கு இருந்தது. அவர் ஆசைப்பட்டுச் சொன்ன ஒரே புது சாமான் என் கையில் இருக்கும்போது, அவரை அந்த ஆடுகிற பலகை மேல் தூக்கிக்கொண்டு போவதா? நான் போல்ட் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். எனக்கு முன்பே சுகுமாரன் அங்கே நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேஷ்டி, கையில் அந்த 'களவுமுதல்' ஸ்பேனர்.

"அவருக்க வேலைய அவருக்க சாமான் வச்சே தீத்திரலாம்," என்றார்.

சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர், "துட்டிக்கு வந்த இடத்துல மராமத்தா?" என்று முகம் சுளித்தார். சுகுமாரன் அவரிடம், "உமக்க பம்பு செட்டுல சிவப்பு வயர் உண்டா?" என்று கேட்டார். "உண்டு." "பின்ன வந்து பலகையப் பிடியும்." அவர் பிடித்தார். அதன்பிறகு அந்த இடம் சாவு வீட்டு வாசல் மாதிரியே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் சிவப்பு வயர்க்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை இருந்தது. ஒருவர் ஜீப்பிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்தார். ஒருவர் கம்பிப்பாரை எடுத்து வந்தார். சாயாக்கடைக்காரர் ஒன்றும் கிடைக்காமல், பால் குழாயில் இருந்த சைக்கிள் பெடலையே கழற்றிக்கொண்டு வந்து, "இது ஆவுமா?" என்று கேட்டார். சுகுமாரன் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பலகைக்கு அடியில் போனார். கிளாம்பைக் கழற்றினார். முதல் போல்ட்டைக் கொடுத்தேன். துளையில் கச்சிதமாக இறங்கியது. சுண்டுவிரல் அளவு தப்பவே இல்லை.

நட்டை மாட்டி முறுக்கினார். முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது. "எளவு. நீளம் கூடிப்போச்சு."

வெறும் நீளம் கூடினால் வெட்டி எறியலாம். ஆனால் இந்த ரகத்துக்கு நுனியில் மட்டும்தான் நட்டு ஏறும் புரி உண்டு. நட்டு புரி முடிகிற இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்கும் பலகைக்கும் நடுவே ஒரு இஞ்சு காலியாக இருந்தது. எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. அண்ணன் மேஜையில் கை வைத்தபோது பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் காட்டியது நாலு விரலின் அகலம். நான் பெருவிரலையும் சேர்த்து அளந்திருக்கிறேன். மனிதரிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியவர் சானலுக்கு அந்தக் கரையில் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"வாசரு போட்டு நெகத்தலாமா?" என்றார், இப்போது முழு மெக்கானிக் ஆகிவிட்டிருந்த கமிட்டிக்காரர். ஒரு இஞ்சுக்கு எத்தனை வாசர் போடுவது? அந்த அளவில் அத்தனை வாசர் என்னிடம் இல்லை. பாஸ்டரின் கார் வந்துவிட்டது. வீட்டுக்குள் பாட்டு தொடங்கிவிட்டது. பலகை ஜாக்கியின் மேல் அந்தரத்தில் நிற்கிறது. சுகுமாரன் தண்ணீரில் நின்றபடி மேலே என்னைப் பார்த்தார். "பிள்ளே, அவரு இருந்தா இப்ப என்ன செய்வாரு?"

 நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு கடைக்கு ஓடினேன். குடைக்கம்பிக் கொளுத்தை இழுத்து ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், அநாதை வாளியை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். துக்க வீட்டுக்கென்று உடுத்தியிருந்த சேலை முழுக்கத் துரு. வாளியைப் பாலத்தின் மேல் கவிழ்த்தோம். மொத்தக் கூட்டமும் குனிந்து உட்கார்ந்து, ஒரு அளவு பெரிய நட்டுகளைப் பொறுக்கியது. பெரிய துளை என்பதால் அவை போல்ட்டில் வளையம்போலச் சுலபமாக வழுக்கி ஏறின. ஒரு போல்ட்டுக்கு இரண்டு அநாதைகள். காலி இடம் நிறைந்தது. அதன் மேல் புது நட்டை வைத்துச் சுகுமாரன் முறுக்கியபோது, பலகை ஒரு முனகல் முனகிவிட்டு அசையாமல் உட்கார்ந்தது. ஜாக்கியை இறக்கினோம். நாலு பேர் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை. யாரோ கைதட்டினார்கள். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது எல்லாருக்கும் நினைவு வந்தது.

கழற்றிய கிளாம்பில் சிவப்பு வயர் அப்படியே இருந்தது. சுகுமாரன் கட்டிங் பிளேயரை என்னிடம் நீட்டினார். "நீ தான் அறுக்கணும். உனக்க கடை போல்ட்டு." அண்ணன் கட்டிய சிவப்பு வயரை யாரும் அறுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் அதை அறுத்தேன். வேலை தீர்ந்தது.

பெட்டி வந்தது. தூக்கியவர்களில் சுகுமாரனும் ஒருவர். வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸ். பெட்டி பாலத்தின் நடுவே வந்தது, கடந்தது, இந்தக் கரைக்கு வந்தது. ஒரு ஆட்டம் இல்லை. எனக்கு ஒரே பெருமை. அண்ணன் இதைப் பார்க்க வேண்டுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் றோசம்மாள் அக்கா வீட்டு வராந்தாவில் நாற்காலியில் இருந்தாள். அடக்கம் முடிந்து நான் திரும்பிப் போனபோதும் அவள் அதே இடத்தில், பாலத்தின் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எப்ப போவாரு மக்கா?" என்று கேட்டாள்.

"அக்கா, எல்லாம் களிஞ்சாச்சு. அடக்கம் பண்ணியாச்சு."

அவள் என்னை நம்பாதவள்போலப் பார்த்தாள். "பாலம் மிண்டல்லியே, ஒரு சத்தமும் கேக்கல்லியே. நான் காது வச்சிட்டுத்தானே இருந்தேன். பாலம் மிண்டாம அவரு எப்படிப் போவாரு?"

என் பெருமையெல்லாம் அந்த வராந்தாவில் இறங்கிவிட்டது. போல்ட் விஷயத்தைச் சொன்னேன். வாக்கர் சிக்காமல் இருக்க அவரே சொல்லி வைத்தது என்றேன். அவள் வாய் விட்டு அழுதாள். அதுவரை அவள் அழவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள். அழுது முடித்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவரு உதைக்கிய அந்த இரும்பு எங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் சுகுமாரனும் அந்தக் கிளாம்பைப் பாலத்தின் கைப்பிடியில், நடுவில், தொங்கும்படி மாட்டினோம். அறுத்த அதே சிவப்பு வயரால் கட்டினேன். சுகுமாரன் 'களவுமுதல்' ஸ்பேனரை அக்காவிடம் திருப்பிக் கொடுக்கப் போனார். "அவரு வந்து கேட்டா குடு," என்றாள் அவள். ஸ்பேனர் பளுகலுக்கே திரும்பிப் போய்விட்டது.

இப்போது ஞாயிறுகளில் ஊரின் சிவப்பு வயர்களை நான்தான் போய்த் தட்டிப் பார்க்கிறேன். சுகமாக இருக்கிறார்கள். அநாதை வாளியை நான் எடைக்குப் போடமாட்டேன். என் ஷட்டரின் குடைக்கம்பியையும் மாற்றமாட்டேன், அது பூட்டுகிறது, திறக்கிறது, எனக்கு ஒரு கேடும் இல்லை. அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இவைதான். கூடவே போன ஞாயிற்றுக்கிழமையும்.

அன்றைக்கு றோசம்மாள் அக்கா வாக்கரை ஊன்றி முதல்தடவையாகப் பாலத்தில் ஏறினாள். சர்ச்சுக்குப் போகிறாள். நானும் சுகுமாரனும் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நடந்தோம், அவள் தொடவிடவில்லை. பலகை ஆடவில்லை. வாக்கரின் கால் எங்கும் சிக்கவில்லை. நடுவில் வந்ததும் நின்றாள். தொங்கிக்கொண்டிருந்த கிளாம்பைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். டங்.

பிறகு ஆளில்லாத தன் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"இனி அவரு வைக்கட்டு சாயாவுக்கு வெள்ளம்."